ஏழு லேபிள் ஒட்டிய கார்டு

மத்தியானம் இரண்டே முக்கால் மணி. கோடவுன்களுக்குப் பின்னால் போகிற சாலை... இரண்டு பக்கமும் பூட்டிய இரும்புக் கதவுகள். ஒரு நாய்கூட இல்லை. அந்தச் சாலையில் ஒரே ஒரு ஸ்கூட்டர் போய்க்கொண்டிருக்கிறது...

"மத்தியானமா?" என்றாள் மாடி வீட்டு நர்ஸ். "பேய்க் கதைன்னு சொல்லிட்டு மத்தியானத்துல ஆரம்பிக்கறீங்களேக்கா?"

"ஏன், உன்னை மாதிரி அதுவும் நைட் ஷிஃப்ட்டுக்குத்தான் வரணுமா?"

எதிர் வீட்டு பஸ் கண்டக்டர் சிரித்தார். கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் நாங்கள் மூன்று பேரும் முதல் மாடிப் படிக்கட்டில், ஒற்றை மெழுகுவர்த்தியைச் சுற்றி, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். எலக்ட்ரீஷியன் "இதோ வந்துட்டே இருக்கேன்" என்று சொல்லியிருந்தான். அப்படியென்றால் நேரம் நிறைய இருந்தது.

ஸ்கூட்டரில் போகிறவன் என் சிநேகிதியின் தம்பி. போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன். வீட்டில் அவனுக்குச் 'சகலம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, அவனே சம்பாதித்தது. சகலமும் தெரியும் அவனுக்கு. மிக்ஸி நின்றால் அவனே திறந்து பார்ப்பான். பார்த்த பிறகு அது மிக்ஸியாக இருக்காது. மாமனாரின் காது மெஷினைச் 'சரி' செய்தான். அன்றிலிருந்து அவருக்கு அதில் கேட்பது அடுத்த தெரு ரேடியோ மட்டும்தான். "எங்க தம்பி ஸ்க்ரூடிரைவர் எங்கன்னு கேட்டா, நாங்க சாமானை எல்லாம் ஒளிச்சு வெச்சிருவோம்" என்பாள் என் சிநேகிதி.

அவன் கேமராவில் போடுகிற மெமரி கார்டு... தெரியுமில்லையா, நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசாக இருக்கும், படமெல்லாம் அதற்குள்தான் போய் உட்காரும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்ன லேபிளில் பெயர் எழுதி அந்தக் கார்டின் மேல் ஒட்டுவான். நல்ல பழக்கம்தான். பழையதை உரித்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். அரை நிமிஷ வேலை. பேசுவதற்கு அவனிடம் அரை நாள் உண்டு. உரிப்பதற்கு அரை நிமிஷம் கிடையாது. லேபிளின் மேல் லேபிள், அதன் மேல் இன்னொரு லேபிள்...

"கார்டு தடியாயிடுமே?" என்றார் கண்டக்டர்.

"டிக்கெட் கிழிக்கற உங்களுக்குத் தெரியுது. அவனுக்குத் தெரியலை."

திங்கட்கிழமை அவன் ஸ்டூடியோவுக்கு ஒரு அக்காவும் தங்கையும் வந்தார்கள். தங்கை தையற்காரி. கடைத்தெருவில் சின்னக் கடை. அக்கா அதே கடையில் உட்கார்ந்து பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுப்பாள், பட்டன் தைப்பாள், இஸ்திரி போடுவாள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒரே வீடு, ஒரே கடை. அக்காவுக்குச் சின்ன வயதிலேயே முகத்தில் ஒரு பாதி வெந்துபோயிருந்தது. கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு, தைத்ததைப் போட்டுப் பார்ப்பதற்கு. கடை போட்ட முப்பது வருஷமும் அதற்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள். யாராவது போட்டோ என்றால் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள். ஏதோ அடையாள அட்டைக்கு வேண்டும் என்று, அறுபது வயதில், முதல் தடவையாக ஒரு கேமராவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

சகலம் நான்கு படம் எடுத்தான். "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்கம்மா... ஆபீஸ்ல பயந்துருவாங்க" என்றானாம். அது அவனுடைய ஹாஸ்யம்.

"செருப்பாலயே போடணும்" என்றாள் நர்ஸ்.

"இரு. வரிசையில உனக்கு முன்னாடி ஆள் நிக்குது."

அக்காக்காரி கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்டூலை விட்டு எழுந்து அவன் பக்கத்தில் வந்தாள். "தம்பி, ஒரு தடவை காட்டுப்பா. எப்படி இருக்கேன்னு பாத்துக்கறேன்" என்றாள்.

"பாத்து என்ன பண்ணப் போறீங்க? இருக்கற மாதிரிதான் இருப்பீங்க."

கேமராவை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டான். ஒரு பொத்தானை அழுத்தித் திருப்பிக் காட்டுவது... அதற்கும் அரை நிமிஷம்தான் ஆகும்.

புதன்கிழமை ராத்திரி அவள் தூக்கத்திலேயே இறந்துபோனாள்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஸ்டூடியோ வாசலில் தங்கை நின்றாள். செருப்பு மாற்றிப் போட்டிருந்தாள். இடது காலில் அக்காவின் செருப்பு.

"நாலு மணிக்கு எடுக்கறோம்பா. அதுக்குள்ள அந்தப் படத்தைப் போட்டுக் குடுத்துரு. அவகிட்ட ஒரு தடவை காட்டிடறேன்."

"யாருகிட்ட?"

"எங்க அக்காகிட்டதான்."

"செத்தவங்ககிட்டயா?"

"ரெண்டு நாளா அதே பேச்சுப்பா. 'அந்தத் தம்பி ஏன் காட்டலை, அவ்வளவு மோசமாவா இருந்தேன்'னு. எனக்கும் அவ படம்னு வேற ஒண்ணு இல்லை. அது ஒண்ணுதான்."

"மூணு மணிக்கெல்லாம் நானே கொண்டு வர்றேன், போங்க" என்றான்.

அவள் போனதும் கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்து கார்டை அழுத்தினான். அழுத்தினால் உள்ளே இருக்கிற ஸ்ப்ரிங் 'டிக்' என்று சொல்லிக் கார்டை வெளியே தள்ள வேண்டும். 'டிக்' வரவில்லை. மறுபடி அழுத்தினான். நகத்தால் பற்றி இழுத்தான். ஒரு நெல்லளவு வெளியே வந்து... நின்றுவிட்டது. திரையில் 'கார்டு இல்லை' என்று எழுத்து. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"கேபிள் போட்டு கம்ப்யூட்டர்ல இழுத்துக்கலாமே?" என்றாள் நர்ஸ்.

"கேபிள் போடற ஓட்டையைப் போன வருஷமே அவன் சரி பண்ணிட்டான்."

"ஓ..."

அதே வரிசையில் நான்கு கடை தள்ளி ஒரு கேமரா ரிப்பேர்க்காரர் இருக்கிறார். தொழில் தெரிந்தவர். சகலம் அவரிடம் போகவில்லை. "அந்தாளுக்கு என்ன தெரியும்?" என்பது இவனுடைய பல்லவி. கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, வீட்டுக்குச் சாப்பிடப் போனான். சாப்பிட்டான். படுத்து ஒரு தூக்கமும் போட்டான். அங்கே ஒருத்தி கூடத்தில் கிடத்தப்பட்டிருக்கிறாள், இன்னொருத்தி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்... இவன் குப்புறப் படுத்துக் குறட்டை விட்டான்.

அப்புறம்தான் ஸ்டூடியோவுக்குத் திரும்பிப் போகிற அந்த ஸ்கூட்டர். அந்தச் சாலை. இரண்டே முக்கால்.

ஷட்டரைப் பாதிக்குத் தூக்கிக் குனிந்து உள்ளே போனான். முதலில் வாசனைதான் வந்தது. ஈரத் துணியில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தால் வருமே, அந்த ஆவி வாசனை. 'பக்கத்துக் கடையில் ஏதோ வயர் கருகுகிறது' என்று தனக்கே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொள்வதற்கு அவனிடம் எப்போதும் ஒன்று இருக்கும்.

மேஜை விளக்கைப் போட்டான். பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்தான். அது வரைக்கும் புத்தி இருந்தது. பெண்டாட்டியின் புருவ இடுக்கியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, கார்டின் விளிம்பைப் பற்றி இழுத்தான். வந்தது... லேபிள். 'தையல் கடை' என்று அவன் கையெழுத்து. மறுபடி இழுத்தான். இன்னொரு லேபிள். 'ஸ்கூல் ஆண்டு விழா.' அதற்கு அடியில் 'மேனேஜர் ரிடையர்மென்ட்.' அதற்கும் அடியில் ஒரு குழந்தையின் பிறந்தநாள். வெயிலில் பசை உருகி, ஓரங்கள் சுருண்டு, உள்ளே எங்கேயோ மடங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெங்காயத்தை உரிக்கிற மாதிரி உரித்துக்கொண்டே இருந்தான். ஆறு வந்தது. ஏழாவது பாதியில் கிழிந்து உள்ளேயே நின்றுகொண்டது.

அப்போது... 'ட்க்'.

சின்னச் சத்தம். பல்லால் நூலைக் கடித்து அறுத்தால் வருகிற சத்தம். அவன் நிமிரவில்லை. 'ஸ்ப்ரிங்' என்றான்.

'புஸ்ஸ்ஸ்...'

இந்தத் தடவை நிமிர்ந்தான். வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூல் வெள்ளைத் திரைக்கு முன்னால் இருந்தது. ரெக்சின் மெத்தை போட்ட சுழல் ஸ்டூல். மெத்தையில் ஒரு ஓட்டை. யாராவது உட்கார்ந்தால் உள்ளே இருக்கிற காற்று அப்படித்தான் வெளியேறும். ஆள் எழுந்தால்தான் மெத்தை மறுபடி உப்பும்.

உப்பவில்லை.

"ஐயோ, போதும்க்கா" என்று நர்ஸ் காலை இழுத்துக்கொண்டாள். மெழுகுவர்த்தி ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

"நீ ஆஸ்பத்திரியில பிரேதத்தோட லிஃப்ட்ல போறவ. உனக்கு என்ன?"

"அதெல்லாம் சும்மா கிடக்கும். உக்காராது."

அந்த நேரம் பார்த்து என் சிநேகிதி அவனுக்குப் போன் செய்திருக்கிறாள். இது அவள் வாயால் நான் கேட்டது. மணி மூன்று பத்து.

"என்னடா, படம் குடுத்தியா? அந்தத் தையற்காரம்மா இங்க வந்து கேட்டுட்டுப் போறாங்க."

"வேலையாதான் இருக்கேன். கார்டு கொஞ்சம் டைட்டா இருக்கு."

"ரிப்பேர்க்காரர்கிட்ட குடுத்தியா?"

"அக்கா, நீ போனை வை."

"ப்ளேடு கிளேடு போட்டு நோண்டாதடா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"எனக்குத் தெரியும், வைக்கறியா?"

சிநேகிதி வைக்கவில்லை. ஏனென்றால் போனில் இன்னொரு குரல் கேட்டது. தூரத்தில் இல்லை, கிட்டத்தில். பெண் குரல். பொறுமையான குரல்.

"யாருடா அங்க? கஸ்டமரா?"

"யாரும் இல்லை."

"ஒரு அம்மா பேசறாங்களே. 'ஒரு தடவை காட்டுப்பா, காட்டுப்பா'ங்கறாங்க. வயசானவங்க மாதிரி இருக்கு... எவ்வளவு நேரம்டா கெஞ்ச விடுவே? காட்டித் தொலையேன்."

 மூச்சு மட்டும் கேட்டதாம் அவளுக்கு. இரண்டு மூச்சு. ஒன்று வேகமாக, ஒன்று நிதானமாக. அப்புறம் போன் நின்றுவிட்டது.

கேமராவின் திரை எரிந்துகொண்டிருந்தது. பேட்டரி மேஜையின் ஓரத்தில், அவன் வைத்த இடத்தில், அப்படியே கிடந்தது. திரையில் அவள். வெந்த பக்கமும் நல்ல பக்கமும் தெரிய, நேராகப் பார்த்துக்கொண்டு. கீழே ஓரத்தில் சின்ன எழுத்து, 'கார்டு இல்லை.'

சொல்லுங்கள், அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்? கேமராவை ஸ்டூலின் பக்கம் திருப்ப வேண்டும். கையைக் கொஞ்சம் வளைத்தால் போதும். கேட்டதும் அவ்வளவுதான். அவள் அவன் கழுத்தைக் கேட்கவில்லை, உயிரைக் கேட்கவில்லை. அவள் படம், அவளுக்குக் காட்ட வேண்டும். ஒரு ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும்.

சகலத்துக்குத் தோன்றியது வேறு. 'உள்ளே கொஞ்சம் கரண்ட் மிச்சம் இருக்கும்' என்று சொல்லிக்கொண்டு, கேமராவை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். திரை கீழே. வெளிச்சம் மட்டும் விளிம்பில் கசிந்தது. சவர ப்ளேடை எடுத்தான்.  அதைக் கார்டின் ஓரத்தில் சொருகி, நெம்பினான்.

கார்டு வந்தது. இரண்டாக. வேர்க்கடலைத் தோடு பிரிகிற மாதிரி மேல் ஓடு தனியே, கீழ் ஓடு தனியே. நடுவில் இருந்த மெல்லிய சில்லு குறுக்கே உடைந்திருந்தது.

விளிம்பில் இருந்த வெளிச்சம் அணைந்தது.

'புஸ்' சத்தம் வரவில்லை. ஸ்டூல் மட்டும் ஒரு சுற்று சுற்றியது... 'க்ரீச்'... நின்றது. மெத்தை மெதுவாக உப்பியது.

ரிப்பேர்க்காரர் பிற்பாடு அந்தக் கேமராவைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம். மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றைக் கார்டுக்கு மேலே நுழைத்து, மடங்கின லேபிளை அமுக்கிப் பிடித்திருந்தால், கார்டு தானாகவே நழுவி வந்திருக்கும். இரண்டு நிமிஷம். "எங்கிட்ட கொண்டு வந்திருந்தா டீ ஆறறதுக்குள்ள எடுத்துக் குடுத்திருப்பேன்" என்றாராம்.

"அப்ப அந்தத் தங்கச்சிக்கு என்ன பதில் சொன்னான்?" என்றார் கண்டக்டர்.

அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் கசக்கிறது. மூன்றே முக்காலுக்கு அவள் வீட்டுக்குப் போனான். வாசலில் வண்டி வந்து நின்றிருந்தது. தையற்காரி ஓடி வந்து கையை நீட்டினாள்.

"படம் சரியா வரலைங்க" என்றான். "உங்க அக்கா நாலு படத்துலயும் கண்ணை மூடிட்டாங்க. நான் சொல்லிட்டேதான் இருந்தேன். அவங்க கேக்கலை."

பழியைச் செத்தவள்மேல் போட்டான். அவள் எழுந்து வந்து இல்லை என்று சொல்லமாட்டாள் என்ற தைரியம். இருபது நிமிஷத்துக்கு முன்னால் அந்த ஸ்டூலைப் பார்த்த பிறகும்.

தையற்காரி நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள். "அப்படியா" என்றாள். உள்ளே போனாள். நாலு மணிக்கு எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் சகலம் புதுக் கேமரா வாங்கினான். முதல் நாளே ஒரு கல்லூரிப் பையன் அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் திரும்பி வந்தான். ஆபீஸில் நிராகரித்துவிட்டார்கள். 'நேராகப் பார்க்கவும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. படத்தில் பையன் லென்ஸைப் பார்க்கவில்லை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடது பக்கம் பார்த்திருந்தான்.

அப்புறம் ஒரு மேஸ்திரி. அதே மாதிரி. அப்புறம் ஒரு டீச்சர். ஒரு டிரைவர், அவர் பெண்டாட்டி. எல்லோருக்கும் அதே சிவப்பு மை. "லென்ஸ்ல அலைன்மென்ட் பிரச்னை" என்றான் சகலம். லென்ஸை மாற்றினான். "சீட் உயரம்" என்றான். ஸ்டூலை மாற்றினான். கேமராவின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டி "இந்தப் பொட்டையே பாருங்க" என்று கத்தினான். பார்க்கிறார்கள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது, க்ளிக் செய்கிற அந்தக் கணத்தில், கண் நகர்ந்துவிடுகிறது. அவன் இடது தோளுக்கு மேலே. படம் எடுக்கிறவனின் திரையில் என்ன வருகிறது என்று பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறவர் முகம் எங்கே இருக்குமோ, அந்த இடத்துக்கு.

"ஏன் அங்க பாத்தீங்க?" என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. "பாக்கலையே" என்றார்கள். அந்த டீச்சர் மட்டும், "உங்க கடையில யார் இஸ்திரி போடறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாளாம்.

இப்படியே மூன்று மாசம். ஒரு நாள் மத்தியானம் தையற்காரியே வந்தாள். அவளுக்கும் அடையாள அட்டைக்குப் படம் வேண்டும். வேறு ஸ்டூடியோ இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. இங்கேதான் வந்தாள்.

 அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கழுத்தில் இன்னும் அளவெடுக்கிற டேப் தொங்கிக்கொண்டிருந்தது. இவன் கேமராவைத் தூக்கினான். "இந்தப் பொட்டைப் பாருங்கம்மா" என்றான்.

அவள் பொட்டைப் பார்க்கவே இல்லை. மற்றவர்களுக்கு நகர்ந்த மாதிரி அவள் கண் நகரவும் இல்லை. உட்கார்ந்ததிலிருந்தே அவன் தோளுக்கு மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்த பார்வை இல்லை. கடையில் எதிர் எதிரே உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் பார்த்துக்கொள்கிற பார்வை.

"இன்னுமா உனக்குக் காட்டலை இவன்?" என்று கேட்டாள்.

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை என்றானாம். தோளின்மேல் கனமாக ஒன்றும் இல்லை, கையும் இல்லை... காதுக்குப் பக்கத்தில் சூடான ஆவி மட்டும்.

பதில் வந்ததா என்று அவனுக்குத் தெரியாது. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தையற்காரி "ம்..." என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ம்..." அப்புறம் "அப்படியா சொன்னான்?" என்றாள். நீளமான பேச்சுப் போலிருக்கிறது. அவள் நடுவில் குறுக்கிடவே இல்லை. கேட்டுக்கொண்டே, கீழிருந்து மேல்வரை, மேலிருந்து கீழ்வரை, தைப்பதற்கு அளவெடுக்கிற மாதிரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.